காட்டுக்கா, மலைக்கா, போர்க்களத்துக்கா: குவாஜூலு-நேட்டாலில் ஒரு வாரத்தை எங்கே செலவிடுவது?

டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்தில் வாடகைக் காரை எடுத்து வெளியே வந்ததும் பாதை பிரிகிறது. என்-2 நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் மூன்று மணி நேரத்தில் காண்டாமிருகம். தெற்கே டர்பனுக்கு வந்து என்-3 சாலையில் ஏறினால் அதே மூன்று மணி நேரத்தில் டிராகன்ஸ்பெர்க் மலை. இரண்டுக்கும் நடுவில், உள்நாட்டுப் புல்வெளியில், 1879-ஆம் ஆண்டு பிரிட்டிஷ்-ஜூலு போரின் களங்களும் ஜூலு மன்னர்களின் அடக்கத் தலங்களும். தென்னாப்பிரிக்காவில் ஒரே மாகாணத்துக்குள் இவ்வளவும் இருப்பதால், முதன்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஏழே நாளில் மூன்றையும் சுற்றி வரத் திட்டம் போடுகிறார்கள். அந்தத் திட்டம் பலிப்பதில்லை.

தூரம் இங்கே தடையில்லை. கடலோரத்துச் செயின்ட் லூசியாவிலிருந்து மலையடிவாரத்து ராயல் நேட்டாலுக்கு ஏறக்குறைய 480 கிலோமீட்டர், ஆறேழு மணி நேரப் பயணம்தான். தடை நேரத்தில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். இருட்டிய பிறகு கிராமத்துச் சாலைகளில் மாடும் ஆடும் படுத்திருக்கும், பள்ளங்கள் தெரியாது, கறுப்புக் கோட்டு போட்டு ஓரமாக நடந்து போகிறவரும் தெரியமாட்டார். அதனால் இருட்டில் கார் ஓட்டக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். சரணாலய வாயிலும் மாலையில் மூடிவிடும். கோடையில் (இங்கே அது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) மலையில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால், இடம் மாறும் ஒவ்வொரு நாளும் எதையும் பார்க்காத நாளாகிவிடுகிறது. ஏழு நாளில் மூன்று முறை இடம் மாறினால் கையில் மிஞ்சுவது நான்கு நாள். ஆகவே வடக்கே காடோ மேற்கே மலையோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கே நான்கு இரவு தங்குவது நல்லது. எது யாருக்கு, எந்த மாதத்தில் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

வடக்கு: ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி, செயின்ட் லூசியா

முதல் பெயரை அங்குள்ளவர்கள் கிட்டத்தட்ட ‘ஷ்லுஷ்லுவே’ என்பார்கள். 1895-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இது ஆப்பிரிக்காவின் மிகப் பழைய சரணாலயங்களில் ஒன்று; பரப்பு சுமார் 960 சதுர கிலோமீட்டர். உலகில் இன்று உயிரோடிருக்கும் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்கள் எல்லாமே இந்தக் காட்டில் தப்பிப் பிழைத்த சிறு கூட்டத்தின் வழிவந்தவைதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கூட்டம் நூறைக்கூடத் தொடவில்லை. 1960-களில் இயன் பிளேயர் தலைமையில் வனக்காவலர்கள் அவற்றை மயக்க ஊசி போட்டுப் பிடித்து வேறு காடுகளுக்கு அனுப்பிப் பெருக வைத்தார்கள். காண்டாமிருகம் பார்க்க இதைவிட உரிமையுள்ள இடம் வேறில்லை.

பலர் கவனிக்கத் தவறுவது, இது இரண்டு காடுகளின் சேர்க்கை என்பதை. ம்டுபடுபாவிலிருந்து ஹ்லாபிசா போகும் ஆர்-618 சாலை நடுவே ஊடுருவுகிறது. வடபகுதியான ஹ்லுஹ்லுவே மேடும் பள்ளமுமாக, அடர்ந்த மரங்களோடு இருக்கும். உச்சியில் ஹில்டாப் முகாம். தென்பகுதியான இம்ஃபொலோசி வெப்பமான முட்காடும் ஆற்று மணலும்; அங்கே ம்பிலா முகாம். ஹில்டாப்பில் உணவகம் உண்டு, சுற்றிலும் வேலி உண்டு, காட்சி அழகு. ஆனால் விலங்குகளைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ம்பிலாவே மேல். சிங்கத்துக்கும் காட்டுநாய்க்கும் இம்ஃபொலோசியில்தான் வாய்ப்பு அதிகம். ஆற்றை ஒட்டிச் செல்லும் சொண்டுலி வளைவுச் சாலையை மட்டும் விடியலிலும் மாலையிலும் இரண்டு முறை சுற்றினாலே ஒரு நாள் நிறைந்துவிடும்.

ம்பிலாவுக்கு வேலி கிடையாது. இரவில் கழுதைப்புலி குடிலுக்கு நடுவே நடந்து போகும். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதை யோசித்துத்தான் பதிவு செய்ய வேண்டும். இருட்டிய பின் கழிவறைக்குப் போவதென்றால்கூட டார்ச் விளக்கைச் சுற்றிலும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். உணவகமும் இல்லை, நீங்களே சமைத்துக்கொள்ள வேண்டியதுதான். சைவர்களுக்கு இது வசதியே. டர்பனிலோ ம்டுபடுபாவிலோ அரிசி, பருப்பு, காய்கறி, குடிநீர் எல்லாம் வாங்கிக்கொண்டு, பெட்ரோலையும் நிரப்பிக்கொண்டு உள்ளே போங்கள். பகலில் குரங்குக்குக் கதவைத் தாழிடுங்கள், இரவில் கழுதைப்புலிக்கு மிச்சச் சோற்றை வெளியே வைக்காதீர்கள். குளிர்பெட்டியையே தூக்கிக்கொண்டு போகும் விலங்கு அது.

வாயில் நேரம்: மார்ச் முதல் அக்டோபர் வரை காலை 6 முதல் மாலை 6 வரை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை 5 முதல் மாலை 7 வரை. உள்ளே வேக வரம்பு மணிக்கு 40 கிலோமீட்டர். ஆனால் விலங்கு தேடும்போது 20-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் கண்ணில் படாது. நியலாசி வாயில் வழியாக மாலை 5 மணிக்கு நுழைந்தால் முகாமுக்குப் போய்ச் சேர ஓட்டமாக ஓட வேண்டியிருக்கும். வழியில் யானை நின்றுவிட்டால் கதை முடிந்தது. மூன்று மணிக்குள் நுழைவதே சரி. குடில்சாவி எப்படியும் பிற்பகல் 2 மணிக்கு மேல்தான் கிடைக்கும்.

சொந்தக் காரில் சுற்றுவதா, வழிகாட்டியின் திறந்த வண்டியில் போவதா? இரண்டும் வேண்டும், வரிசை முக்கியம். முதல் நாள் விடியலில் வழிகாட்டி வண்டியில் போங்கள். தனியார் கார்களுக்கு வாயில் திறக்கும் முன்பே முகாமின் வண்டி கிளம்பிவிடும். ஓட்டுநர் எந்தப் புதரில் எதைத் தேடுகிறார் என்று பார்த்துக்கொண்டால் அடுத்த நாள் உங்கள் கண்ணே பழகிவிடும். சாதாரண கார் போதும், நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. தரை உயரம் கூடுதலாக உள்ள வண்டி கிடைத்தால் நல்லது. அதனால் கிடைக்கும் லாபம் புல்லுக்கு மேலே பார்வை போவதுதான்.

காண்டாமிருகத்தில் வெள்ளை, கறுப்பு என்று இரண்டு இனம்; நிறத்தால் பிரிவதில்லை, இரண்டும் சாம்பல் நிறமே. வெள்ளைக் காண்டாமிருகம் புல் மேய்வது; வாய் சப்பட்டையாக அகன்றிருக்கும், தலை தரையை ஒட்டித் தொங்கும். கறுப்புக் காண்டாமிருகம் இலை தழை தின்பது. மேலுதடு கொக்கிபோல் கூர்ந்திருக்கும், தலை நிமிர்ந்திருக்கும். கன்றோடு ஓடும்போது வெள்ளையில் கன்று முன்னே, கறுப்பில் கன்று பின்னே. கொம்பு வெட்டப்பட்டு, மழுங்கிய அடித்தண்டோடு நிற்பவற்றைத்தான் இப்போது அதிகம் பார்ப்பீர்கள். 2023-இல் தென்னாப்பிரிக்காவில் வேட்டையாடப்பட்ட 499 காண்டாமிருகங்களில் 325 இந்த மாகாணத்தில் செத்தவை. அதனால்தான் 2024-இல் இங்கே கொம்பு நீக்கும் வேலை தொடங்கியது. கொம்பு நகத்தின் பொருளால் ஆனது, வலிக்காமல் அறுக்கலாம், மீண்டும் வளரும். பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தக் கொம்பில்லாத முகம்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. படம் எடுத்துப் பகிரும்போது கைபேசியில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள், வேட்டைக்காரர்களும் அதைப் பார்ப்பார்கள்.

யானை எதிரே வந்தால் எஞ்சினை அணைக்காமல் பின்வாங்குங்கள். ஆண் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் ஈரக்கோடு வழிந்தால் மதம் பிடித்திருக்கலாம். நூறு மீட்டராவது இடம் விட வேண்டும்.

காட்டிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்தில் செயின்ட் லூசியா. இங்கே தொடங்கும் இசிமங்கலிசோ சதுப்புநிலப் பூங்கா 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பெயருக்கு ‘அதிசயம்’ என்று பொருள். கழிமுகத்தில் இரண்டு மணி நேரப் படகுப் பயணம் தவறவிடக் கூடாதது. நீர்யானைக் கூட்டங்களை இவ்வளவு அருகில், இவ்வளவு உறுதியாக வேறெங்கும் பார்ப்பது கடினம். பிற்பகல் படகில் வெளிச்சம் நன்றாக இருக்கும். ஆனால் ஜூன், ஜூலையில் காற்று குத்தும், ஜாக்கெட் வேண்டும். இரவானதும் நீர்யானைகள் ஊருக்குள்ளேயே புல் மேய வரும். உணவகத்திலிருந்து விடுதிக்கு 300 மீட்டர்தான் என்று நடந்து போகாதீர்கள், காரில் போங்கள். நீருக்கும் நீர்யானைக்கும் நடுவில் நிற்பதுதான் மிக ஆபத்தான இடம். ஏரியில் முதலையும் உண்டு. கரையில் கால் நனைக்கக்கூட இறங்கக் கூடாது. குளிக்க வேண்டுமென்றால் வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் கேப் விடால் கடற்கரை. ஜூன் முதல் நவம்பர் வரை அந்தக் கடலில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கடந்து போகும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வந்தால் பெருந்தலை ஆமையும் தோணி ஆமையும் வடகடற்கரையில் ஏறும்: டிசம்பர், ஜனவரியில் முட்டை, அதன் பிறகு குஞ்சு. உரிமம் பெற்றவர்கள் மட்டுமே இரவில் அழைத்துப் போவார்கள். வெறுங்கையோடு திரும்பும் இரவும் உண்டு என்பதால் ஒரே இரவை நம்பி வர வேண்டாம். மொசாம்பிக் எல்லையை ஒட்டிய கோசி விரிகுடாவில் தொங்கா மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கழிகளை நட்டு வளைவு வளைவாகக் கட்டிவரும் மீன் பொறிகள் அற்புதமானவை. ஆனால் கழிமுகம் வரை போக மணலில் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும். டயர் காற்றைப் பாதியாவது இறக்க வேண்டும், இறக்காதவர்கள் புதைகிறார்கள். ஒரு வாரத் திட்டத்தில் இதைச் சேர்க்காதீர்கள்.

மலேரியா விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மாகாணத்தின் வடகிழக்கு மூலையில், எல்லையை நெருங்க நெருங்க ஆபத்து கூடும். செப்டம்பர் முதல் மே வரை அதிகம். போகும் மாதத்தையும் ஊர்களையும் சொல்லி மருத்துவரிடம் மாத்திரை கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்கு: டிராகன்ஸ்பெர்க்

ஜூலு மொழியில் இந்த மலைக்கு உகாஹ்லாம்பா என்று பெயர்: ஈட்டிகளின் வேலி. 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது இயற்கைக்காகவும் பண்பாட்டுக்காகவும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது. காரணம், பாறைக் குடைவுகளில் இந்த மண்ணின் பழங்குடி வேட்டைக்காரர்களான சான் மக்கள் வரைந்து வைத்த ஓவியங்கள்: சுமார் 600 இடங்கள், 35,000 உருவங்கள்.

இங்கே தவறான தேர்வு என்பது பெரும்பாலும் தவறான பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுப்பதுதான். வரைபடத்தில் பள்ளத்தாக்குகள் பக்கம் பக்கமாகத் தெரியும்; நடுவே சாலை கிடையாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக மீண்டும் சமவெளிக்கு இறங்கி ஏற வேண்டும், இரண்டு மணி நேரம் போய்விடும். ஆகவே ஒரே நாளில் பள்ளத்தாக்கு மாறி மாறி அலையாதீர்கள்.

காட்சிக்கு ராயல் நேட்டால். ஆம்பிதியேட்டர் என்னும் ஐந்து கிலோமீட்டர் நீளப் பாறைச் சுவர் முழுசாக முன்னால் நிற்கும். அதன் விளிம்பிலிருந்து துகேலா அருவி ஐந்து தாவலாக 948 மீட்டர் விழுகிறது. தெண்டெலே முகாமின் குடில்கள் அந்தச் சுவரைப் பார்த்தே அமைந்திருக்கின்றன. துகேலா பள்ளத்தாக்கு நடை போகவரச் சுமார் 14 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். முதல் பாதி யாரும் நடக்கலாம். கடைசிப் பகுதியில் ஆற்றுப் பாறைகளைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். கோடையில் மதியம் ஒரு மணிக்குள் திரும்பும் வழியில் இருக்க வேண்டும். இடிமழை மேலே பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு பெருகும், அப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கிளம்பும்போது மலைப் பதிவேட்டில் பெயரும் பாதையும் எழுத வேண்டும். அதைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். திரும்பாதவரைத் தேடப் போகிறவர்களுக்கு அதுதான் ஒரே துப்பு.

அருவியின் தலைக்கே ஏற வேண்டுமென்றால் சென்டினல் கார் நிறுத்தத்திலிருந்து சங்கிலி ஏணிகள் வழியாகப் போகும் பாதை உண்டு. அது பக்கத்து ஃப்ரீ ஸ்டேட் மாகாணம் வழியாகச் சுற்றிப் போக வேண்டிய முழுநாள் வேலை. காற்று பலமாக வீசும் நாளில் ஏணியில் கை வைக்காதீர்கள். மேல்தளத்தில் கூடாரம் போட்டுத் தங்கியவர்களிடம் திருட்டு நடந்ததுண்டு, பகலிலேயே இறங்கிவிடுங்கள்.

ஓவியத்துக்கு ஜயன்ட்ஸ் காசில் அல்லது காம்பெர்க். ஜயன்ட்ஸ் காசிலின் பிரதான குகை முகாமிலிருந்து அரைமணி, முக்கால் மணி நடை, பெரியவர்களும் வரலாம். 500-க்கும் மேற்பட்ட உருவங்கள். காம்பெர்க்கின் கேம் பாஸ் குடைவுக்கு வழிகாட்டியோடு மலையேறிப் போய்வர மூன்று மணி நேரம். ஆனால் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் காம்பெர்க்கையே சொல்வோம். அங்கே ஒரு பாறையில் சாகும் தறுவாயில் ஈலண்ட் மான் ஒன்று நிற்கிறது: தலை தொங்கி, கழுத்து மயிர் சிலிர்த்து, பின்னங்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னி. அதன் வாலைப் பிடித்தபடி ஒரு மனித உருவம். அவன் கால்களும் அதேபோல் பின்னியிருக்கின்றன, பாதத்துக்குப் பதில் குளம்பு. மருத்துவச் சடங்கில் மயக்கநிலைக்குப் போகும் பூசாரி, சாகும் மானின் ஆற்றலைத் தன்னுள் வாங்குகிறான் என்று பாறை ஓவிய ஆய்வாளர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் இதை விளக்கினார். வேட்டைக் காட்சி என்று அதுவரை நினைத்த ஓவியங்களையெல்லாம் சமயச் சித்திரங்களாகப் படிக்க இந்தப் பாறை வழிகாட்டியது. அரை மணி நேரமாவது அதன் முன்னால் உட்கார வேண்டும்.

தொடக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. முன்பு படம் நன்றாக விழ வேண்டுமென்று தண்ணீர் தெளித்தார்கள். அப்படித் தெளித்துத் தெளித்தே பல உருவங்கள் மங்கிவிட்டன. எண்ணெய், சன்ஸ்கிரீன் தடவிய விரல் பட்டாலும் அதே கதி.

சானி கணவாயைப் பலரும் கேட்கிறார்கள். நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் விடமாட்டார்கள். உச்சி 2,876 மீட்டர், அங்கே லெசோத்தோ நாடு தொடங்குகிறது. பாஸ்போர்ட் வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் தென்னாப்பிரிக்க விசா ஒருமுறை நுழைவுக்கானதா, பலமுறைக்கானதா என்பது. ஒருமுறை விசாவோடு எல்லை தாண்டினால் திரும்பி வருவதில் சிக்கல். லெசோத்தோவுக்கான அனுமதியையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் விண்ணப்பம் போடும்போதே இதை முடிவு செய்ய வேண்டும்.

போர்க்களங்கள்

1879 ஜனவரி 22. இசாண்ட்ல்வானா குன்றின் அடியில் கூடாரமடித்திருந்த பிரிட்டிஷ் படையை ஏறக்குறைய 20,000 ஜூலு வீரர்கள் சூழ்ந்து அழித்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர் 1,300-க்கும் மேல். நவீனத் துப்பாக்கியோடு நின்ற ஏகாதிபத்தியப் படையை ஈட்டியும் கேடயமும் முதன்மையாகக் கொண்ட ஆப்பிரிக்கப் படை வென்ற நாள். மாட்டின் கொம்பு, மார்பு, இடுப்பு என்று பிரிந்து தாக்கும் அணிவகுப்பை அந்த நிலத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். இடக்கொம்பு எந்த மேட்டைச் சுற்றி வந்தது, வலக்கொம்பு குன்றின் பின்னால் எப்படி மறைந்து இறங்கியது என்று கையை நீட்டிக் காட்டிச் சொல்ல ஆள் வேண்டும். வழிகாட்டி இல்லாமல் போனால் நீங்கள் பார்ப்பது புல்லும் வெள்ளையடித்த கற்குவியல்களும்தான். அந்தக் குவியல்கள் பிரிட்டிஷ் வீரர்கள் விழுந்த இடங்கள். ஜூலு வீரர்களுக்கு நெடுங்காலம் அங்கே நினைவுச்சின்னமே இல்லை. 1999-இல்தான் வீரர்களுக்கு அணிவிக்கும் மர மணி ஆரத்தின் வடிவில் வெண்கலத்தில் ஒன்று நிறுவினார்கள். அதன் முன் நிற்காமல் திரும்பாதீர்கள்.

காலையில் இசாண்ட்ல்வானா, பிற்பகலில் ரோர்க்ஸ் டிரிஃப்ட். சண்டையும் அதே வரிசையில், அதே நாளில்தான் நடந்தது. இங்கே பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 150 பேர் இரவெல்லாம் தாக்குப்பிடித்தார்கள். 11 பேருக்கு விக்டோரியா கிராஸ் என்னும் பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கம். சாலை பெரும்பாலும் கப்பி. டண்டீயிலோ களத்தின் அருகேயுள்ள விடுதிகளிலோ ஓர் இரவு தங்காமல் டர்பனிலிருந்து ஒரே நாளில் போய்வர முயல்வது வீண்.

மலைக்குப் போகிறவர்களுக்கு வேறொரு களம் வழியிலேயே இருக்கிறது: ஸ்பியன் கோப். 1900 ஜனவரியில் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களும் பிரிட்டிஷாரும் மோதிய குன்று. வின்டர்டன், பெர்க்வில் பக்கம் என்பதால் அரை நாள் போதும். காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை இங்கேதான் காயம்பட்டவர்களைத் தூளியில் தூக்கி மைல்கணக்கில் நடந்தது. ஏறக்குறைய 1,100 பேர். அதில் 300 பேர்தான் சுதந்திர இந்தியர், மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். உச்சியில் பிரிட்டிஷாரின் பதுங்குகுழியே நீளமான கல்லறையாகிக் கிடக்கிறது.

டர்பனுக்கு இரண்டு நாள்

இதை விமானம் பிடிக்கும் ஊராக மட்டும் நினைத்து ஒதுக்குவது தமிழர்கள் செய்யக் கூடாத தவறு. 1860 நவம்பர் 16-இல் மதராசிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. 1911 வரை 1,52,184 பேர் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டார்கள். மதராஸ் துறைமுகம் வழி வந்தவர்களே பெரும்பான்மை. அவர்கள் 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுப்பிய கோயில் 1905 வெள்ளத்தில் போனது. இன்றைய அம்பலவாணர் ஆலயம் 1947-இல் கேட்டோ மேனரில் கட்டப்பட்டது. அங்கே தீமிதி உண்டு. உம்கெனி சாலையில் வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயம். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள்: தோட்டத்துக் கூலிக்கு அன்று கட்டாய விடுமுறை, அந்த நாளே திருவிழாவானது. ஆடியில் வந்தால் தெருத்தெருவாக அம்மனுக்குக் கூழ். ஆங்கிலத்தில் அதைப் ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்கிறார்கள். அர்ச்சனை கேட்க நிற்கும் ஆன்ட்டிக்குத் தமிழ் பேச வராது; தேவாரம் வரும்.

டெர்பி தெருவில் உள்ள 1860 பாரம்பரிய மையத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வடக்கே இனாண்டாவில் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பும், ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் முதல் தலைவர் ஜான் டூபே நிறுவிய ஓஹ்லாங்கே பள்ளியும் அடுத்தடுத்து; 1994 ஏப்ரல் 27-இல் மண்டேலா தன் முதல் வாக்கை அளித்தது அந்தப் பள்ளியில்தான். இனாண்டாவுக்குத் தனியாகப் போகாமல் உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். விக்டோரியா தெருச் சந்தைக்கு முற்பகல்தான் சரி. காரின் இருக்கையில் பை, கைபேசி எதுவும் தெரியக் கூடாது, சிக்னலில் கண்ணாடியை உடைத்து எடுப்பார்கள். பன்னி சாவ் சாப்பிடும்போது ‘குவார்ட்டர் பீன்ஸ்’ என்று கேட்டால் கால் ரொட்டியைக் குடைந்து அவரைப் பருப்புக் குழம்பு நிரப்பித் தருவார்கள். ‘பன்னி’ என்றால் ஆங்கிலத்தில் முயல்; ஆனால் முயலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, சைவர்கள் பயப்பட வேண்டாம். கரண்டி கேட்காதீர்கள், தோண்டிய ரொட்டியால் தொட்டுத் தின்பதுதான் முறை.

எந்த மாதம், யாருக்கு எது

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வடக்கு: புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீர் தேடி ஆற்றுக்கு வரும், கொசு குறைவு, கடலில் திமிங்கிலம். அதே மாதங்களில் மலை பழுப்பாக, வானம் கண்ணாடியாக இருக்கும். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். துகேலா அருவி நூலாக இளைத்திருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இதற்கு நேர்மாறு: மலை பச்சை, அருவி முழுசு, தினமும் இடி; வடக்கில் வேர்த்துக் கொட்டும், புல் காண்டாமிருகத்தின் முதுகை மறைக்கும், ஆனால் ஆமையும் பறவையும் உண்டு. இரண்டையும் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு ஏப்ரல் பின்பாதியிலோ மே மாதத்திலோ வாருங்கள்.

வயதான பெற்றோரோடு வருகிறவர்களுக்கு வடக்கு. காரிலும் படகிலும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஆப்பிரிக்கக் காட்டு விலங்கை இதுவரை பார்க்காதவர்களுக்கும் வடக்குதான்: இம்ஃபொலோசியில் இரண்டு இரவு, செயின்ட் லூசியாவில் இரண்டு, மிச்சம் டர்பன். கென்யாவிலோ தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவிலோ ஏற்கெனவே பார்த்தவர்கள், நடக்கப் பிடித்தவர்கள், வளர்ந்த பிள்ளைகளோடு வருகிறவர்கள் மேற்கே போங்கள்: காம்பெர்க் அருகே ஓர் இரவு, ராயல் நேட்டாலில் இரண்டு, இசாண்ட்ல்வானாவில் ஒன்று. என்-3-இல் ஏறும்போது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். 1893 ஜூன் 7 இரவு காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட இடம் அது. ஹோவிக் அருகே மண்டேலா 1962-இல் கைதான இடத்தில் 50 இரும்புத் தூண்கள் நடப்பட்டிருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் மட்டும் அவை சேர்ந்து அவர் முகமாகும்.

பதிவில் ம்பிலா அல்லது தெண்டெலே குடிலை முதலில் பிடியுங்கள், விமானச் சீட்டு பிறகு. பள்ளி விடுமுறையிலும் ஈஸ்டரிலும் இந்த முகாம்கள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். இந்த முகாம்களை நடத்தும் எசெம்வேலோ என்னும் மாகாண வனத்துறை வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் வாங்கும். இசிமங்கலிசோவில் கிழக்குக் கரை, மேற்குக் கரை இரண்டுக்கும் வாயில் தனித்தனி, சீட்டும் தனித்தனி. அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து மாறி வருகிற விமானம் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள்; ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். கைபேசிக்கு, நம் வீட்டில் கீசருக்குப் போடும் பெரிய மூன்று முள் ப்ளக்கில் செருகும் அடாப்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு முகாமில் கடையில் கிடைக்காது.